டிகிரி வீட்டு விறகு

எங்கள் தெருவில் என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவனுக்கு ஊரே சேர்ந்து கொடுத்த பட்டம் அது. மலைமேட்டில் உள்ள வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்து எழுதுவது என் வேலை. காலை எட்டரைக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நான் போய்ப் பார்க்காவிட்டாலும் குளிர் அடிக்கத்தான் போகிறது. ஆனாலும் என் அனுமதியோடுதான் அடிக்கிறது என்பது போல ஒரு நினைப்பு எனக்குள் மெல்ல மெல்ல வேர்விட்டிருந்தது.

நான்கு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்று சும்மா தொங்கும். மற்றதன் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருப்போம்; அதற்கு ஈரக்குமிழ் என்று பெயர். இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகம் என்றால் காற்று காய்ந்திருக்கிறது. இடைவெளி குறைந்தால் காற்றில் ஈரம் நிற்கிறது. இரண்டையும் ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதுவேன். ஆனால் சலூனிலோ டீக்கடையிலோ யாரும் என்னிடம் ஈரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. "இன்னிக்கு எத்தனை டிகிரி?" என்பார்கள். யாரும் கேட்காத எண்ணை நானும் மதிக்கவில்லை. எழுதுவேன், மறந்துவிடுவேன்.

போன வருடம் குளிர்காலத்துக்கு முன்னால் வன ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தோளில் பை, கையில் இருபது தொங்கு தராசுகள். அன்றே ஊரார் அவருக்குத் 'தராசு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பருவநிலை மாறும்போது வீட்டுக் கணப்புக்குப் போகும் விறகு கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இருபது வீடுகளுக்குத் தலா ஒரு தராசு, ஒரு நோட்டு. கணப்பில் போடும் விறகைத் தினமும் நிறுத்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் வெப்பநிலைப் பதிவுகளைக் கேட்டு வந்தார். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் எங்கள் ஊர்க் குளிர்காலக் காலைகள் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி ஏறியிருக்கின்றன என்றேன். அது உண்மைதான். இந்த வருடமும் குளிர் மட்டாகத்தான் இருக்கும் என்றேன். அதுவும் பிறகு உண்மையாயிற்று. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"ஆக, வழக்கமா எரிக்கிற விறகுல மூணுல ஒரு பங்கு மிச்சம். ஒரு வீட்டுக்கு நாளைக்குப் பதினாலு கிலோ போதும். எழுதி வச்சுக்கோங்க மேடம்" என்றேன்.

அவர் எழுதி வைத்துக்கொண்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் யாரும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. அன்று மாலை மலையிறங்கி வரும்போது என் கால் தரையில் பாவவில்லை.

நேராகச் சலூனுக்குப் போனேன். முடி வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. தலையில் மிச்சமிருப்பதை வெட்ட ஆறு நிமிடம் போதும். சலூன்காரர் என் தெருக்காரர், தராசு வாங்கிய இருபது வீட்டில் அவருடையதும் ஒன்று. அவரிடமும் அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரிடமும் பதினாலு கிலோ கதையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். ஆராய்ச்சி நிலையமே என் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது என்றும் போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டேன். அந்த வாரமே எங்கள் தெருவில் தராசு வாங்கிய ஆறு வீட்டுக்காரர்கள், தலா ஆறு வண்டி விறகுக்குப் பதிலாக நாலு வண்டி போதும் என்று விறகுக் கடையில் சொல்லிவிட்டார்கள். ஏழாவது வீடு என்னுடையது.

என் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்புகள் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புவார்கள். நாலு வண்டி விறகு வாசலில் இறங்கிய அன்று அவள் ஒரு கட்டையை எடுத்தாள். கையில் தட்டிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டையோடு மோதிப் பார்த்தாள்.

"நாலு மாசமா எங்க துணியே காய மாட்டேங்குது. விறகு மட்டும் எப்படிக் காஞ்சிருக்கும்?" என்றாள்.

"துணி வேற, விறகு வேற" என்றேன்.

அவள் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற பழக்கம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு.

எங்கள் வீட்டின் முன்னறையில் இரும்புக் கணப்பு இருக்கிறது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். கணப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என் மாமனாரின் நாற்காலி. அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போதும் ஜன்னல் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்து, வளைவில் ஹார்ன் அடிக்காத வண்டிகளைத் திட்டிக்கொண்டிருப்பார். நெஞ்சு கொஞ்சம் பலவீனம். குளிர் வந்துவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

குளிர்காலம் வந்தது. நான் சொன்னது சொன்னபடி நடந்தது. காலையில் புல்லில் உறைபனி படிந்ததே நாலு நாள்தான். சலூனில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தால் கை கால் விறைத்தது. மூடுபனி மலையிலிருந்து இறங்கி வந்து தெருவிலேயே குடியிருந்தது. சுவர் வியர்த்தது. போர்வை சில்லென்று கனத்தது. விறகைக் கணப்பில் வைத்தால் எரியாமல் உஸ் உஸ் என்று சத்தம் போட்டது. கட்டையின் முனையில் நுரை கட்டித் தண்ணீர் சொட்டியது. முதலில் அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாக வேண்டும். மிச்சமிருக்கும் சூடுதான் எங்களுக்கு. கட்டை பாதி தன்னைக் காய வைத்துக்கொள்ளவும், பாதி புகைவதற்குமே சரியாக இருந்தது. ஒரு கட்டை போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டோம்.

மனைவி காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். நிறுத்து எழுதுவது என் பொறுப்பு. முதல் நாள் தராசில் தொங்கவிட்டேன். எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று கிலோ. நோட்டைத் திறந்தேன். முதல் நாள்தானே, கணப்பு சூடேறத்தான் அதிகம் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பதினாலு என்று எழுதினேன். இரண்டாம் நாள் இருபத்து நாலு. பதினாலரை என்று எழுதினேன். அந்த அரை கிலோவை எதற்குச் சேர்த்தேன் என்றால், எல்லா நாளும் பதினாலு என்றே இருந்தால் சந்தேகம் வருமாம். இருபத்தாறு வருடம் அரசாங்கப் பதிவேட்டில் ஒரு எண்கூடத் தப்பாக எழுதாதவன் நான். வீட்டு நோட்டில் அரை கிலோ அரை கிலோவாகக் கள்ளத்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமனார் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் கேட்டார்.

"மாப்பிள்ளை, தராசு ரிப்பேரா?"

"இல்லையே மாமா, நல்லாத்தானே இருக்கு."

"அப்போ சரி" என்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காவது வாரம் சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். கடையில் கூட்டமாக இருப்பதால் தினமும் நிறுக்க முடியவில்லை என்று தலையைச் சொறிந்தபடி, என் நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார். என் எண்களைக் கண்டு அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், நம்மைப் பார்த்து நாலு பேர் நடக்கிறார்கள் என்ற பெருமைதான்.

ஆறாவது வாரம் தராசு மேடத்திடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரே உற்சாகம். இருபது வீட்டிலும் குறைந்த விறகில் குளிர் காய்வது எங்கள் தெருதான், அதிலும் என் வீடுதான் முதல் என்றார். மற்ற தெருக்களில் இருபத்து மூன்று, இருபத்தைந்து என்று போகிறதாம். எங்கள் தெருவின் ஏழு வீடுகளில் மட்டும் பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவிலேயே நிற்கிறதாம். என்ன கணப்பு, எப்படி எரிக்கிறீர்கள், புகைக்குழாய் என்ன அளவு, எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படம் பிடிக்க வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

வேண்டாம் என்று சொல்ல என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் யோசித்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தாராளமா வாங்க மேடம்" என்றேன்.

ஞாயிறு காலையில் இருப்பதிலேயே காய்ந்த கட்டைகளாகப் பொறுக்கி எடுத்தேன். பழைய ஸ்டூல் ஒன்றையும் உடைத்து அதோடு கலந்தேன். மனைவி வீட்டில்தான் இருந்தாள். ஸ்டூல் உடைபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் ஸ்டூல் எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் வந்து உட்கார்ந்து, தட்டில் வைத்த பிஸ்கட்டை எடுப்பதற்குள் அது சாம்பலாகிவிட்டது. அடுத்துப் போட்ட கட்டை அறை முழுக்கப் புகையைக் கக்கியது.

அவர் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தார். முன்னால் இரண்டு ஊசிகள். கட்டையில் குத்தினால் எவ்வளவு ஈரம் என்று காட்டுமாம். குத்தினார். காட்டிய எண்ணைப் பார்த்து முகம் சுருங்கியது. இன்னொரு கட்டையில் குத்தினார். பிறகு இன்னொன்று.

"இந்த விறகுல பதினாலு கிலோவுல எப்படி சார் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கிண்டலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் புகைக்குழாயின் அமைப்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவர் மாமனார் பக்கம் திரும்பி, அறை சூடு போதுமானதாக இருக்கிறதா என்று கேட்டார்.

"மாப்பிள்ளை நோட்டுல அடிக்கிற குளிருக்கு, இந்தச் சூடு தாராளமாப் போதும்மா" என்றார் அவர்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டார். மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து ஜன்னல்களைப் படார் படார் என்று திறந்தாள். ஆறு வாரமாக நாங்கள் படாதபாடு பட்டுச் சேர்த்த சூடு ஒரே நொடியில் தெருவுக்குப் போனது. அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இப்பவாவது நெஜத்தைச் சொல்லுங்க" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தராசு மேடத்திடம், நோட்டில் உள்ளது எல்லாம் பொய், இருபத்து மூன்று கிலோவுக்குக் குறைந்து ஒரு நாளும் எரிக்கவில்லை என்றேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "முதல்ல அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

புகை நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது, ஐந்து நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். மாமனாருக்கு மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். என் மனைவி துவைத்து அனுப்பிய விரிப்பில்தான் அவளுடைய அப்பா படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும். இந்த மனுஷனை எதற்காகப் புகையில் உட்கார வைத்தேன் என்று யோசித்தேன். ஒரு பெண் என் பேச்சை நோட்டில் எழுதிக்கொண்டார், அதற்காக. வேறு காரணம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சலூன்காரர் பார்க்க வந்தார். நோயாளியிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் ஒரு நாள்கூட நிறுக்கல. உங்க நோட்டைப் பார்த்து எழுதினேன்."

"நீங்க மட்டுமா?"

"என் நோட்டைப் பார்த்து மத்தவங்க எழுதினாங்க."

ஆக, ஏழு வீட்டுக் கணக்கும் என் ஒருவனுடைய பேனாவிலிருந்து வந்தது. ஒரு பெண் மாசக்கணக்கில் உழைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் மூன்றில் ஒரு பங்கை நான் தனியாளாக நாசம் பண்ணியிருந்தேன். இவ்வளவு பெரிய காரியத்தை என் வாழ்க்கையில் வேறு எதிலும் சாதித்ததில்லை.

மறுநாளே தராசு மேடத்திடம் சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் முதலில் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. "நான் எழுதினது பொய், நீங்க எழுதினதும் பொய், இனிமே ஒழுங்கா நிறுப்போம்" என்று ஆறு தடவை சொன்னேன். மூன்றாவது வீட்டுக்குள் அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவது வீட்டில் கொஞ்சம் நயமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். தராசு மேடம் அங்கே மட்டும் சிரித்தார்.

பிறகு அவர் என் மனைவியைப் பார்க்கச் சலவைப் பிரிவுக்குப் போனார். ஒவ்வொரு கட்டுத் துணியும் உலர எத்தனை மணி நேரம் ஆனது என்று அங்கே தினமும் எழுதி வைப்பார்கள். நேர்மையாக நிறுத்த பதின்மூன்று வீடுகளின் விறகுக் கணக்கை அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துணி காயத் தாமதமான வாரங்களில் விறகு எகிறியிருந்தது. சீக்கிரம் காய்ந்த வாரங்களில் குறைந்திருந்தது. என் டிகிரிகளை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு ஒழுங்கும் கிடைக்கவில்லை. குளிர் குறைந்தது உண்மை. ஆனால் விறகு காய வேண்டிய மாதங்களில் மழை தள்ளிப்போய்ப் பெய்ததும், அதன்பிறகு மூடுபனி விலகாததும்தான் ஊரையே நடுங்க வைத்திருக்கின்றன.

"ஈரக்குமிழ் ரீடிங் உங்ககிட்டயும் இருக்கே சார். தினமும் ரெண்டு வேளை நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார் என்னிடம்.

ஆமாம், எழுதியிருக்கிறேன். அந்த நாலு மாதமும் இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டே நின்றிருக்கின்றன. என் கையெழுத்துதான். அழகாக இருந்தது.

மிச்சக் குளிர்காலத்துக்கு வழி கண்டுபிடித்ததும் நான் இல்லை. சலவைப் பிரிவுக்குப் பின்னால் கொதிகலன் அறை. அங்கே பகலும் இரவும் அனல் அடிக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சும்மா கிடந்தது. என் மனைவி மேலதிகாரியிடம் பேசி, எங்கள் தெரு விறகை அங்கே முறைவைத்து அடுக்க அனுமதி வாங்கினாள். சிறு சிறு துண்டாகப் பிளந்து, கொதிகலனுக்குத் தள்ளி, காற்று போக இடம் விட்டு அடுக்கினால் பத்து நாளில் எரிகிற பதத்துக்கு வந்துவிடும். கொண்டுபோய்க் கொண்டுவர ஆள் வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

காலையில் வெப்பமானி பார்த்துவிட்டு இறங்கி வந்ததும், அழுக்குத் துணி தள்ளும் மருத்துவமனை வண்டியில் விறகை ஏற்றித் தள்ளிக்கொண்டு போவேன். அதன் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடது பக்கமே இழுக்கும். தெருவில் பார்ப்பவர்கள், "டிகிரி, பேஷண்டுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்பார்கள். முதல் இரண்டு நாள் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாம் நாளிலிருந்து, "இன்னும் ஈரமாத்தான் இருக்கார், பத்து நாள் ஆகும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

காய்ந்த விறகு வந்த பிறகு நோட்டில் பதினாறு, பதினேழு என்று எழுதினேன். தினமும் மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் எழுதினேன். அவள் கேட்கவில்லை, நானே காட்டினேன். மாமனார் வீடு திரும்பிய மூன்றாம் வாரம் ஒரு நாள் கணப்பு நிஜமாகவே சிவந்து எரிந்தது. அவர் கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழுக்கையைத் தடவிவிட்டு, "வேர்க்குதே" என்றார். என் மனைவி அதைக் கேட்டு உள்ளறைக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்று சொல்லவும் முடியாது, அன்று அறையில் புகையே இல்லை.

ஆய்வறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. ஒரு தெருவின் ஏழு வீடுகளின் முதல் ஆறு வாரக் குறிப்புகள் நம்பத்தகாதவை என்பதால் நீக்கப்பட்டன என்று பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. நன்றி சொல்லும் பக்கத்தில் மருத்துவமனைச் சலவைப் பிரிவு. மனைவி அந்தப் பக்கத்தைத் தன்னோடு வேலை செய்பவர்களிடம் காட்ட எடுத்துப்போனாள். பன்னிரண்டாம் பக்கத்தைச் சலூன்காரர் கேட்டு வாங்கிப் படித்தார். தன் வீடு அந்த ஏழில் எத்தனையாவது என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆர்வம்.

இந்த வருடம் குளிர் விட்ட கையோடு விறகு வாங்கிவிட்டோம், ஆறு வண்டி. இன்று காலை முதல் கொல்லைப்புறத்தில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது. அடியில் செங்கல் வைத்து, மேலே தகரம் போட வேண்டும், பக்கங்களை மூடக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நான் கடைசி வரிசையை வைத்து நிமிர்ந்தபோது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வலது பக்கம் சாயுது."

தள்ளி நின்று பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தேன்.